இளைஞர் நீதிக் குழும விசாரணையைக் காணொலியில் நடத்துவது எப்படி: புதிதாக வருபவர்களுக்கு

குற்றம் சாட்டப்பட்ட, 18 வயது நிரம்பாத பிள்ளைகளின் வழக்கை ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணி உறுப்பினர்களும் சேர்ந்து விசாரிக்கும் அமைப்பு இளைஞர் நீதிக் குழுமம். அந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் சட்ட உதவி வழக்கறிஞர், நன்னடத்தை அலுவலர், சமூகப் பணி உறுப்பினர், கூர்நோக்கு இல்லப் பணியாளர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். குழுமம் ஓரிடத்திலும் பையன் வேறிடத்திலும் இருக்க, நடுவில் ஒரு திரையோ ஒரு போனோ மட்டும் இருக்கும்போது விசாரணையை எப்படி நடத்துவது என்று யாரும் நமக்கு உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. லிங்க் வரும், சேருவோம், வாய்தா போட்டு முடிப்பார்கள். பையனுக்கு என்ன நடந்தது என்றே தெரிந்திருக்காது.

தமிழ்நாட்டில் குழுமம் மாவட்டத்துக்கு ஒன்று உண்டு. விசாரணை முடியும்வரை பிள்ளைகளை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லம் மாவட்டத்துக்கு ஒன்று இல்லை, பெண் பிள்ளைகளுக்கானவை இன்னும் குறைவு. அதனால் ஒரு மாவட்டத்துப் பையன் இன்னொரு மாவட்டத்து இல்லத்தில் இருப்பான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வழிக்காவலுக்குப் போலீஸ் கிடைக்க வேண்டும், வண்டி கிடைக்க வேண்டும். ஐந்து நிமிட வேலைக்காக அவன் விடிகாலையில் கிளம்பி இரவில் திரும்புவான். காணொலி இந்த அலைச்சலைக் குறைக்கிறது, அது நல்ல விஷயம்தான். ஆனால் அலைச்சல் யாருக்குக் குறைகிறது என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பையனுக்கு என்றால் சரி. வழிக்காவலுக்கு ஆள் இல்லை என்பதற்காக மட்டும் என்றால் அது போதாது.

சட்டம் எவ்வளவு தூரம் அனுமதிக்கிறது

2018 பிப்ரவரியில் சம்பூர்ணா பெகுரா வழக்கின் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் குழுமங்கள் காணொலி வசதியைப் பயன்படுத்திக்கொள்வதைப் பற்றிப் பேசிவிட்டது. ஆனால் அது பரவலாக நடைமுறைக்கு வந்தது கொரோனா காலத்தில்தான். 2020 ஏப்ரல் 3 அன்று, குழந்தைகள் இல்லங்களில் தொற்று பரவுவது குறித்துத் தானாக எடுத்துக்கொண்ட வழக்கில், குழுமங்கள் காணொலியில் அமர்ந்து வழக்குகளை விரைவாக முடிக்கலாம் என்றும், பிணையில் விடக்கூடிய பிள்ளைகளை விட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஜூன் மாதமே சென்னை ராயபுரம் அரசு இல்லத்தில் 35 பிள்ளைகளுக்குத் தொற்று உறுதியாகி, அதே வழக்கில் தமிழக அரசிடம் விளக்கம் கேட்கப்பட்டது. பிறகு சென்னை உயர் நீதிமன்றம் 2020-ல் தனக்கென்று காணொலி விதிகளை வகுத்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 530-ஆம் பிரிவும் விசாரணைகளை மின்னணு முறையில் நடத்த இடம் தருகிறது.

ஆக, நடத்தலாமா என்ற கேள்வி முடிந்துவிட்டது. எப்போது, எப்படி என்பதுதான் பாக்கி. இந்த இடத்தில் வேறு இரண்டு ஊர்களின் அனுபவத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் சிறார்களைக் காவலில் வைப்பது குறித்த விசாரணைகளைக் காணொலியில் நடத்திப் பார்த்தது. 2001-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றமே அதைக் கைவிட்டு, பிள்ளை நேரில் இருக்க வேண்டும் என்று விதியைத் திருத்தியது. பிள்ளைகளுக்கு நடப்பது புரியவில்லை, பெற்றோரும் வழக்கறிஞரும் அவர்கள் பக்கத்தில் இருக்க முடியவில்லை என்ற புகார்கள்தான் காரணம். சிகாகோ நகரம் இருக்கும் குக் கவுண்டியில் பெரியவர்களின் பிணை விசாரணைகள் 1999-ல் திரைக்கு மாறின. அப்படி மாறிய குற்றங்களில் பிணைத் தொகை சராசரியாக 51 விழுக்காடு ஏறியதாகப் பின்னால் ஓர் ஆய்வு காட்டியது. எதிரே நிற்கும் ஆளைவிடத் திரையில் தெரியும் ஆளிடம் நம் மனம் கொஞ்சம் இறுகித்தான் போகிறது.

முதல் படி: இன்றைய வேலை திரைக்கு ஏற்றதா என்று பாருங்கள்

வழக்குக் கட்டைக் கையில் எடுத்ததும் இன்று என்ன நடக்கப்போகிறது என்று பாருங்கள். அறிக்கை தாக்கல், நகல் கொடுப்பது, வயதுக்கான பள்ளிச் சான்றைப் பார்ப்பது, டாக்டர் அல்லது ஆய்வகச் சாட்சியைக் கேட்பது, பிணையில் போன பையன் எப்படி இருக்கிறான் என்று விசாரிப்பது: இதற்கெல்லாம் காணொலி போதும். சிலவற்றுக்குக் காணொலியே தேவையில்லை. பையன் வருவது அவசியமில்லை என்று பட்டால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 91-ஆம் பிரிவின்கீழ் (இனி வரும் பிரிவு எண்களும் இந்தச் சட்டத்தினுடையவைதான்) அவன் வருகைக்கு விலக்குத் தரலாம். பத்தாம் வகுப்புத் தேர்வு நாளில் பையனைத் திரை முன் உட்காரவைப்பதைவிட விலக்குக் கேட்டு ஒரு மனு போடுவது மேல்.

பிணை நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாள் கடந்துவிட்டால், நிபந்தனையை மாற்றுவதற்காகப் பையனைக் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும் என்று 12(4) சொல்கிறது. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருக்கும் பிள்ளைகள் உண்டு. இவர்களுக்குக் காணொலி மிகவும் உதவும். வண்டிக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், எட்டாம் நாள் காலையிலேயே இணைப்பைக் கேளுங்கள்.

திரையில் செய்யவே கூடாது என்று நான் நினைப்பவை மூன்று.

முதல் ஆஜர். பிடிபட்ட 24 மணி நேரத்துக்குள் பையன் குழுமத்தின் முன் வர வேண்டும். அவன் உடம்பில் அடி இருக்கிறதா, சாப்பிட்டானா, வயது சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்று போலீஸ் அல்லாத ஒருவர் முதன்முதலாகப் பார்க்கும் நேரம் அது. உச்ச நீதிமன்ற இ-கமிட்டியின் மாதிரிக் காணொலி விதிகளும் முதல் ரிமாண்டைச் சாதாரணமாகக் காணொலியில் செய்யக் கூடாது, விதிவிலக்கான சூழலில் காரணத்தை எழுதிவைத்தே செய்ய வேண்டும் என்கின்றன. இன்று குழுமம் அமரவில்லை என்பது காரணமாகாது. அப்படிப்பட்ட நாளில் தனி உறுப்பினர் ஒருவர் முன் ஆஜர்படுத்தலாம் என்று 7(2) வழி வைத்திருக்கிறது.

இரண்டாவது, 16 வயது முடிந்த பையன்மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டிருந்தால் 15-ஆம் பிரிவின்கீழ் நடக்கும் முதற்கட்ட மதிப்பீடு. அவன் மனநிலையும் விளைவைப் புரிந்துகொள்ளும் திறனும் அங்கே அளக்கப்படுகின்றன. பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட வேண்டுமா என்பது அதைப் பொறுத்தே முடிவாகும். உறுப்பினர்களில் உளவியல் படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவி கட்டாயம் என்று 2022-ல் பருண் சந்திர தாகூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவ்வளவு நுட்பமான வேலையை இணைப்பு அறுந்து அறுந்து வரும் திரையில் செய்வது நியாயமில்லை.

மூன்றாவது, இறுதி உத்தரவு. விசாரணை முடிந்த பிள்ளைகளை வைக்கும் சிறப்பு இல்லத்துக்கு மூன்று ஆண்டு வரை அனுப்பக்கூடிய உத்தரவை ஒரு பிள்ளை நேரில் கேட்க வேண்டும். முதன்மை நடுவர் உட்பட இரண்டு உறுப்பினராவது அன்று இருந்தாக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெற்றோர், வழக்கறிஞர், மொழி

வாய்தாவுக்கு முந்தைய நாளுக்குள் முடிக்க வேண்டிய வேலைகள் இவை.

வழக்கறிஞர் பையனை ஒருமுறையாவது நேரில் பார்த்திருக்க வேண்டும். முதல் சந்திப்பே திரையில் என்றால் அவனுக்கு நீங்கள் இன்னொரு அதிகாரி, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் மிகச் சிறந்த ஏற்பாடு வழக்கறிஞர் இல்லத்துக்கே போய்ப் பையன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, குழுமத்தைத் திரையில் பார்ப்பது. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: வழக்கறிஞர் குழும அறையில் நடுவருக்கு எதிரே இருப்பார், பையன் மட்டும் தனியாகத் தொலைவில் இருப்பான். குழுமத்துக்கு உங்கள் குரல் திரையிலும் கேட்கும். பையனுக்குத்தான் பக்கத்தில் ஆள் வேண்டும்.

பெற்றோரைச் சேர்ப்பது நன்னடத்தை அலுவலரின் வேலை. பையனும் பெற்றோரும் ஒவ்வொரு கட்டத்திலும் விவரம் தெரிந்து பங்கேற்க வேண்டும் என்பது 8(3)-இன்படி குழுமத்தின் பொறுப்பு. அம்மாவிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறதா, ரீசார்ஜ் போட்டிருக்கிறாரா, அந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்று கேளுங்கள். நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில் ஒரு அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பேசுகிறார் என்று வையுங்கள். சுற்றி நிற்கும் பத்துப் பேருக்கும் பையன் எங்கே இருக்கிறான், எதற்காக இருக்கிறான் என்பது தெரிந்துவிடும். அவன் ஊருக்குத் திரும்பும்போது அந்தப் பேச்சு அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும். அன்றைக்குக் கிராம நிர்வாக அலுவலகத்துக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகச் சொல்லாதீர்கள். வட்ட சட்டப்பணிகள் குழு அலுவலகம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, நன்னடத்தை அலுவலகம் ஆகியவற்றில் ஒன்றில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள். பேருந்துச் செலவையும் யோசியுங்கள்.

அம்மாவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது என்றால் குரல் மட்டும் போதும். அப்போது முதலில் பையனும் அம்மாவும் இரண்டு நிமிடம் பேசட்டும். குரலை அவன் அடையாளம் சொன்னால் எதிர்முனையில் இருப்பது யார் என்ற சந்தேகமும் தீர்ந்துவிடும், அவன் பதற்றமும் பாதி அடங்கும்.

திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலோ சென்னையில் கட்டட வேலையிலோ இருந்த பீகார், ஒடிசா பையன்களின் வழக்கில் காணொலி தரும் பயன் பெரியது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அப்பா திரையில் வந்து நிற்கிறார், மொழிபெயர்ப்பாளரும் வேறொரு ஊரிலிருந்து சேரலாம். மொழிபெயர்ப்பாளரைத் தருவது குழுமத்தின் கடமை. ஆனால் அதே கம்பெனி மேஸ்திரியையோ இல்லத்தில் இருக்கும் இன்னொரு பையனையோ மொழிபெயர்க்க உட்காரவைக்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் பேசி முடிக்கும்வரை அடுத்தவர் தொடங்காமல் இருந்தால்தான் திரையில் இது நடக்கும். அதனால் அந்த வழக்குக்கு இரண்டு மடங்கு நேரம் ஒதுக்கச் சொல்லிவிடுங்கள்.

இல்லத்தில் அறையைத் தயார் செய்வது

பெரும்பாலும் கணினி கண்காணிப்பாளர் அறையில்தான் இருக்கும். பீரோ திறக்க ஒருவர் வருவார், கையெழுத்துக்குப் பதிவேட்டோடு இன்னொருவர் வருவார், ஜன்னல் பக்கம் சமையல்கார அம்மா காய் கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். பையன் மேசைக்கு முன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். திரையில் அவன் நெற்றியும் கூரையும் தெரியும். இந்த நிலையில் அவன் எதையும் சொல்ல மாட்டான்.

அவனுக்கு நாற்காலி போடுங்கள். குழுமம் உயர்ந்த மேடையில் உட்காரக் கூடாது, கூண்டு கூடாது என்று விதி சொல்கிறது. திரையிலும் அதே மரியாதை அவனுக்கு உண்டு. கேமரா அவன் கண் மட்டத்தில் இருக்கட்டும், இரண்டு தடிமனான பதிவேடுகளை லேப்டாப்புக்கு அடியில் வைத்தாலே போதும். ஜன்னல் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துப்போகும், எதிரே இருக்கும்படி திருப்புங்கள். மின்விசிறிக்கு நேர்கீழே மைக்கை வைக்காதீர்கள். பையனுக்கு ஹெட்போன் கொடுத்தால் குழுமமும் வழக்கறிஞரும் பேசுவது வெளியே கேட்காது. அவன் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காதபடி அவன் படத்தைத் திரையில் மறைத்துவிடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் பதினைந்து வயதுப் பையனுக்கு அது பெரிய கவனச்சிதறல்.

அறையில் யார் இருக்கலாம்? இ-கமிட்டியின் மாதிரிக் காணொலி விதிகளின்படி இல்லத்துப் பக்கத்து ஒருங்கிணைப்பாளர் கண்காணிப்பாளர் அல்லது அவர் நியமிக்கும் பொறுப்பான அலுவலர். இணைப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் கதவுக்கு வெளியே நிற்கலாம், கண்ணாடி வழியாகப் பையன் தெரிந்தால் போதும். பையன் இல்லத்தைப் பற்றியே ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால்? அடி, சாப்பாடு, பெரிய பையன்கள் செய்யும் தொல்லை எதுவாகவும் இருக்கலாம். சொல்ல வேண்டிய ஆள் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது. 2022 டிசம்பர் கடைசி நாளில் செங்கல்பட்டு இல்லத்தில் ஒரு சிறுவன் இறந்தான். அதன் பிறகு இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. வெளியாள் கண்ணில் பிள்ளை தொடர்ந்து படுவதுதான் அவனுக்கு இருக்கும் பாதுகாப்பு. காணொலி அதைக் குறைத்துவிடக் கூடாது. நான்கு வாய்தா தொடர்ந்து திரையிலேயே போயிருந்தால் ஐந்தாவதற்கு அவனை நேரில் கூட்டிவரச் சொல்லி வழக்கறிஞரே கேட்க வேண்டும்.

அடையாளம் வெளியே போகாமல் காப்பது

74-ஆம் பிரிவு பிள்ளையின் பெயர், படம், முகவரி, பள்ளி எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம்.

கூட்டத்தின் தலைப்பில் பையன் பெயர் வரக் கூடாது, வழக்கு எண் போதும். அவன் பக்கத்துத் திரையிலும் பெயருக்குப் பதில் இல்லத்தின் எண் இருக்கட்டும். லிங்கை வாட்ஸ்அப் குழுவில் போடாமல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். காத்திருப்பு அறையை இயக்கிவைத்து, ஒரு வழக்குக்காரர் முழுதாக வெளியேறிய பிறகே அடுத்தவரை உள்ளே விடுங்கள். பெரியவர்களின் நீதிமன்றத்தில் பத்து வழக்குக்காரர்களும் ஒரே லிங்கில் காத்திருப்பார்கள், இங்கே அது ஆகாது. பதிவு செய்வதும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதும் கூடாது. நேரலை ஒளிபரப்பு மாதிரி விதிகளும் இளைஞர் நீதிச் சட்ட வழக்குகளை முழுதாக விலக்கிவைத்திருக்கின்றன. விசாரணை அதிகாரி சேருகிறார் என்றால் சீருடை இல்லாமல் சேரச் சொல்லுங்கள். நேரில் பையனைக் கையாளும்போது என்ன விதியோ திரையிலும் அதே மனநிலைதான்.

பையனோடு முன்கூட்டியே பேசுவது

முந்தின நாள் அரை மணி நேரம் அவனோடு உட்காருங்கள். எத்தனை கட்டம் தெரியும், எந்தக் கட்டத்தில் யார், நடுவர் எப்படிக் கூப்பிடுவார், குரல் ஒரு நொடி தாமதமாக வரும் என்றெல்லாம் சொல்லிக் காட்டுங்கள். முடிந்தால் ஒருமுறை இணைத்தே காட்டிவிடுங்கள். மூன்று அனுமதிகள் தனக்கு இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: கேட்கவில்லை என்று சொல்லலாம், புரியவில்லை என்று சொல்லலாம், வக்கீலோடு தனியாகப் பேச வேண்டும் என்று எப்போது வேண்டுமானாலும் கையைத் தூக்கலாம்.

கையைத் தூக்கினால் என்ன நடக்கும் என்பதையும் முன்பே குழுமத்தோடு பேசி வையுங்கள். வழக்கறிஞர் குழும அறையில் இருக்கிறார் என்றால் அவர் வெளியே வந்து இல்லத்து போனுக்குக் கூப்பிடுவதா, காணொலியிலேயே தனி அறை திறப்பதா, அதுவரை மற்றவர்கள் மைக்கை அணைப்பார்களா? இது முடிவாகாமல் தொடங்கினால், பையன் வழக்கறிஞரிடம் சொல்ல வேண்டியதை எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிடுவான்.

அமர்வு நடக்கும்போது

தொடங்கியதும் இரண்டு பக்கமும் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லட்டும். உறுப்பினர்கள் மூவரும் ஒரே கேமராவில் தூரத்தில் தெரிந்தால் பையனுக்கு மூன்று புள்ளிகள்தான் தெரியும், பேசுபவர் தன் பெயரைச் சொல்லிப் பேசுவது நல்லது. பிறகு உறுப்பினர் ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி: "தம்பி, அந்த ரூம்ல உன்கூட யார் இருக்காங்க? கேமராவை ஒரு சுத்து சுத்திக் காட்டு பார்ப்போம்." இதைச் சடங்காகச் செய்யாமல் ஒவ்வொரு முறையும் செய்யுங்கள்.

அப்புறம் அவனை எழுந்து நான்கு அடி பின்னால் போய் நிற்கச் சொல்லுங்கள். நெஞ்சுக்கு மேலே மட்டும் தெரியும் பையன் நொண்டுகிறானா, கையில் கட்டு இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. உடம்புக்கு எப்படி இருக்கிறது, தூங்குகிறாயா, கடைசியாக டாக்டர் எப்போது பார்த்தார் என்று கேளுங்கள். ஏதாவது சந்தேகம் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் காட்டவும் அடுத்த வேலை நாளில் நேரில் கொண்டுவரவும் உத்தரவு கேளுங்கள்.

திரையில் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் "சரிங்க ஐயா" என்பார்கள். ஒலி தாமதமாக வரும்போது, பாதிதான் காதில் விழும்போது, மறுபடி கேட்க வெட்கப்பட்டுத் தலையாட்டிவிடுவார்கள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முக்கியமான எதையும் சொன்ன பிறகு, "இப்ப நான் சொன்னதை நீ உன் வார்த்தையில சொல்லு" என்று கேளுங்கள். "ஜாமீன் கொடுத்திருக்கிறோம், உங்க மாமா வந்து கையெழுத்துப் போட்டதும் போகலாம்" என்பதை "இன்னைக்கே போகலாம்" என்று கேட்டுக்கொண்ட பையன், சாயங்காலம் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பான். யாரும் வரவில்லை என்று இரவில் புரியும்போது அவன் என்ன செய்வான் என்பதை இல்லத்தில் வேலை செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சொற்களிலும் கவனம் வேண்டும். குற்றவாளி, கைதி, ரிமாண்ட் என்று நேரில் சொல்லக் கூடாததைத் திரையிலும் சொல்லக் கூடாது. சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள்.

இணைப்பு அறுந்தால்

அறுந்தால் யார் யாரைக் கூப்பிடுவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு மொபைல் ஹாட்ஸ்பாட்டும் இல்லத்தின் போன் எண்ணும் தயாராக இருக்கட்டும். பையன் திரையில் இல்லாத நேரத்தில் பேசியது எதுவும் கணக்கில் வரக் கூடாது. திரும்பி வந்ததும் கடைசியாகப் பேசியதை மறுபடி சொல்லுங்கள்.

இரண்டு முறை அறுந்துவிட்டால் நிறுத்திவிடலாம். ஆனால் அடுத்த தேதி அடுத்த மாதமாக இருக்கக் கூடாது. நெட் போனது பையனின் குற்றமில்லை, அதற்காக அவன் கூடுதலாக முப்பது நாள் உள்ளே இருக்கக் கூடாது. விசாரணையை நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், நீட்டித்தாலும் பொதுவாகக் கூடுதலாக இரண்டு மாதம்தான். பிணை மனு என்றால் அன்றே போனில் முடித்துவிடுங்கள்: பையனின் குடும்பச் சூழல் பற்றி நன்னடத்தை அலுவலர் தரும் சமூக விசாரணை அறிக்கை கையில் இருக்கும், வழக்கறிஞர் வாதம் குரலில் கேட்கும், உத்தரவை மின்னஞ்சலில் இல்லத்துக்கு அனுப்பலாம்.

என்ன எழுதி வைக்க வேண்டும்

குறிப்புத்தாளில் இவை இருக்கட்டும்: காணொலியா போனா, ஏன் நேரில் இல்லை, பையனும் வழக்கறிஞரும் அதற்கு ஒத்துக்கொண்டார்களா, இரண்டு பக்கமும் யார் இருந்தார்கள், தனியாகப் பேச நேரம் தரப்பட்டதா, எத்தனை முறை அறுந்தது. வாக்குமூலம் பதிவானால் படித்துக் காட்டி, நகலை இல்லத்துக்கு அனுப்பி, கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து திரும்பப் பெறுங்கள், மூலப் பிரதி தபாலில் வரட்டும். பின்னால் மேல்முறையீடு என்று போகும்போது இந்த நான்கு வரிதான் பேசும்.

திரையை அணைத்த பிறகு

எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். வாய்தா நாள் என்பது பையனுக்கு விசாரணை நாள் மட்டுமில்லை. குழுமத்தின் வராந்தாவில் அம்மாவைப் பார்க்கும் நாள். அவர் காலை பஸ் பிடித்து வந்து, தூக்குவாளியில் சோறும் தங்கச்சி கொடுத்தனுப்பிய எதையாவதும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே நடப்பது ஐந்து நிமிடம் என்றால் வெளியே அவர்கள் பேசுவது அரை மணி நேரம். அவர் தலையைத் தடவிக் கொடுப்பதும், "வக்கீல் சொல்றதைக் கேட்டு நட" என்று சொல்வதும் எந்தக் குறிப்புத்தாளிலும் ஏறாது. ஆனால் அடுத்த வாய்தாவரை அவனைத் தாங்குவது அதுதான். காணொலிக்கு மாறும்போது நாம் கேட்காமலேயே இதைப் பறித்துவிடுகிறோம்.

அதனால் காணொலி வாய்தா முடிந்ததும் குழுமம் இணைப்பிலிருந்து விலக, அம்மாவும் பையனும் அதே திரையில் பதினைந்து நிமிடம் தனியாகப் பேச அனுமதி கேளுங்கள். பெரும்பாலான நடுவர்கள் கேட்டால் மறுப்பதில்லை, கேட்கத்தான் ஆளில்லை. அந்த மாதத்துக்குள் அம்மா இல்லத்துக்கு நேரில் வந்து பார்க்கவும் ஏற்பாடு செய்யுங்கள்.

வழக்கறிஞரும் உடனே அழைப்பைத் துண்டிக்காமல் பத்து நிமிடம் அவனிடம் பேச வேண்டும். இன்று என்ன முடிவானது, அடுத்து என்ன, எப்போது. தேதியை ஒரு துண்டுத்தாளில் எழுதி அவன் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். திரையில் கெட்ட செய்தி கேட்ட பையனை அப்படியே கூடத்துக்கு அனுப்பாமல், ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்) அவனைப் பார்க்கும்வரை பணியாளர் ஒருவர் கூட இருக்கட்டும்.

பிணையில் வீட்டில் இருக்கும் பையன் செல்போனில் சேரும்போதும் ஏறக்குறைய இதே விதிகள்தான். ஒன்று மட்டும் கூடுதல்: வீட்டில் பக்கத்தில் இருப்பவர் அவன் பயப்படும் ஆளாக இருக்கலாம். அவனை நன்னடத்தை அலுவலகத்துக்கு வரவழைத்து அங்கிருந்து சேர்ப்பது பாதுகாப்பு.

பையன் நேரில் வர விரும்பினால்

முந்தின நாள் பேசும்போதே கேளுங்கள்: "நேர்ல போய்ப் பேசணுமா, இதுலயே பேசிக்கலாமா?" நேரில் என்று சொன்னால் காரணம் எதுவாக இருந்தாலும் அதைக் குழுமத்திடம் வையுங்கள். ஒரு பக்க மனு போதும்: வழக்கு எண், அடுத்த தேதி, பையன் நேரில் பேச விரும்புகிறான் என்ற ஒரு வரி, 8(3)-இன்படி அவன் பங்கேற்பு உறுதிசெய்யப்பட வேண்டும் என்ற ஒரு வரி, வழிக்காவலுக்கு உத்தரவிடும்படி வேண்டுகோள். வழிக்காவல் ஏற்பாட்டுக்கு நேரம் பிடிக்கும் என்பதால், தேதிக்கு ஒரு வாரம் முன்பாகவே தாக்கல் செய்துவிட்டு நகலை இல்லக் கண்காணிப்பாளருக்கும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கும் அனுப்பிவிடுங்கள்.